கைக்கு விட்ட வழி

என் மனைவிக்குக் குளிர்ந்தது. ஏற்காட்டில் இல்லை, கீழே சேலத்தில். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். மலையிலேயே பிறந்து, தை மாதப் பனியில் ஈரத் தலையோடு காப்பிப் பழம் பறிக்கப் போனவள், வெயில் கொளுத்துகிற ஊரில் போய்ப் பல் கிட்டிக்கப் படுத்துக் கிடந்தாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. அவளே சிரித்தாள். "சேலத்துக்காரங்க குளுரு வேணும்னு மேல வர்றாங்க, நான் குளுரு வேணும்னு கீழ போறேன்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வருவாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் மலையிறங்கிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான ஹால், வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு மிஷின். ஏசி எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பிலிருக்கிற ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, மறுபடி உள்ளே வருகிறதல்லவா, அதிலேயே உடம்புச் சூடு பாதி போய்விடும் என்றார் அங்கிருந்த நர்ஸம்மா. அவளுக்கு இடது கையில் ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அங்கேதான் ஊசி குத்துவார்கள். அந்தக் கையை மூடவே கூடாது. ரத்தம் கசிந்தால் கண்ணில் பட வேண்டும். ஆக, அரை நாள் ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு, அசையாமல், அந்தக் குளிரில் மல்லாந்து கிடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த போர்வை மெல்லிசு. வீட்டுக் கம்பளியைக் கொண்டு போனோம். இந்த நோய் வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். கம்பளி பட்டதும் அது இன்னும் கூடிப்போனது. ஒருநாள் பாதியிலேயே "கழட்டி உடுங்க, நான் ஊட்டுக்குப் போறேன்" என்று பிடிவாதம் பிடித்து எழுந்து வந்துவிட்டாள். அடுத்த தடவையும் அப்படியே. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்படிப் பாதியில் எழுந்து போனால் உடம்பில் தண்ணீர் தங்கி நெஞ்சை அடைக்கும், அதற்குப் பிறகு எங்கள் கையில் ஒன்றும் இல்லை, எப்படியாவது முழு நேரமும் படுக்க வையுங்கள் என்றார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் அடிவாரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே நான் வல்லீங்க."

"எங்க?"

"கீழதான். அந்தக் குளுருக்குள்ள கெடக்கறதுக்கு நம்ம ஊட்டுலயே கெடந்து போயிடறேன்."

பஸ் கிளம்பி முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் அவளே பேசினாள். "தையக்காரரக் கட்டிக்கிட்டு ஊராமூட்டுப் போர்வைக்குள்ள கெடக்கறேன் பாருங்க. கடையில அத்தன வெட்டுத்துணி கெடக்குது. அதுலயே கனமா ஒண்ணு தெச்சுக் குடுத்தா உங்க மிசினு தேஞ்சா போயிரும்?"

"தெச்சுக் குடுத்தா வருவியா?"

"தெச்சு முடியற வரைக்கும் வர்றேன். அதப் போத்தியும் குளுந்துச்சுன்னா அப்புறம் என்னையக் கூப்புடக் கூடாது."

பேச்சை முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் கீழே போவதும் போகாததும் இனி என் தையலில்தான் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். டாக்டர் கையில் இருப்பதைவிட என் கையில் இருப்பது தேவலை என்று ஒரு எண்ணம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடையை ஒட்டி என் கடை. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம், எஸ்டேட் ரைட்டருக்குக் கால்சட்டை, இதுதான் என் வேலை. நிற்கிற ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கத் தெரியும். படுத்திருக்கிற ஆளுக்கு மேலே போடுகிறதைத் தைத்ததே இல்லை. இருந்தாலும் என்ன, சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று ஒட்டினால் தீர்ந்தது என்று மூட்டையை அவிழ்த்தேன். யூனிபார்ம் துணி, ரவிக்கைத் துணி, லைனிங், எல்லாம் கலந்து ஒரு மேல்துணி தைத்து முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறதாயிற்றே என்று ஒரு தடவை அலசிப் போட்டேன். பருத்தி சுருங்கிவிட்டது, யூனிபார்ம் துணி சுருங்கவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது. போதாததற்கு ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியின் சாயம் இறங்கி எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

அவள் அதைக் கொடியில் பார்த்துவிட்டு, "ஆரத்தி கொட்டுன வாசலு மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

பிரிக்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கீழே போய் வந்த நாளில் படுத்தே கிடப்பாள். மறுநாள் கடையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு தையலைப் பிரிப்பாள். "நீங்க தெக்கறதவிட நான் பிரிக்கறதுதான் ஜாஸ்தி. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுமே பண்ணாம பொழப்பு ஓட்டறோம்" என்று ரவிக்கை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இரண்டாம் முறை பருத்தியை மட்டும் பொறுக்கி, முன்னாலேயே அலசிக் காயவைத்துத் தைத்தேன். உள்ளே வைப்பதற்கு எஸ்டேட் வேலி ஓரத்து இலவமரத்துப் பஞ்சு கிடைத்தது. மெத்துமெத்தென்று இருந்தது. அதைத் தைத்து எடுத்துப் போன அன்றைக்கு அவள் முழு நேரமும் படுத்திருந்தாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய் இரண்டு டீ குடித்தேன். ஆனால் குழாயைக் கழற்றும்போது ரத்தம் கொஞ்சம் சிந்திவிட்டது. துவைத்துத்தான் ஆக வேண்டும்.

அது ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடியில் துவைத்த துணி எப்போது காயும் என்று யாரையும் கேட்கக் கூடாது. பனி வாசல்வரை வந்து நின்றுகொண்டிருக்கும். பஞ்சு உள்ளே கட்டி கட்டியாகச் சேர்ந்து, போர்வை சோளப்பொரி உருண்டை மூட்டை மாதிரி ஆகிவிட்டது. காயவும் இல்லை. பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் பாவம் பார்த்து, "பாய்லர் பக்கத்துல கட்டி உடுங்கண்ணே, சாயந்தரத்துக்குள்ள காஞ்சுரும்" என்றார். கட்டினேன். காய்ந்தது. பூஞ்சை வாடையும் போனது.

அதைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்தவள் மூக்கைச் சுருக்கினாள். "ஏனுங்க, பஜ்ஜி மாவுக்குள்ள முக்கி எடுத்த வாழக்காயாட்டம் இருக்கறேன்" என்றாள். அடுத்த கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பஞ்சு கட்டிக்கொண்ட இடம் தவிர மற்ற இடமெல்லாம் வெறும் துணிதான். குளிர்ந்திருக்கிறது. அன்றைக்குப் பாதியில் எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது நானே முந்திக்கொண்டேன். "இன்னும் தெச்சு முடியல. பஞ்ச எடுக்கறேன். முடியற வரைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கற."

"பேச்ச நல்லா ஞாபகம் வெச்சிக்கிறீங்க. தையலத்தான் உட்டுடறீங்க" என்றாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

பஞ்சை எடுத்துவிட்டு உள்ளே என்ன வைப்பது என்பதற்கு அவள்தான் வழி சொன்னாள். அவளுடைய பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி வைத்து, மேலேயும் கீழேயும் துணி போட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டச் சொன்னாள். எந்தெந்தச் சேலை என்று பெட்டியைத் திறந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். காப்பிக் கறை பிடித்தது, முந்தானை கிழிந்தது, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தூளி கட்டியது. "இதெல்லாம் இனிமே கட்டறதுக்கு இல்ல" என்றாள். அப்போது நான் அதைச் சேலையைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மேல்துணிக்கு நல்ல பருத்தித் துண்டுகள் போதவில்லை. இந்தக் கதை அதற்குள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போயிருந்தது. வாழவந்தியிலிருந்து வழக்கமாக ரவிக்கை தைக்க வருகிற அம்மா ஒருத்தி, தைத்த ரவிக்கையோடு சேர்த்து மிச்சத்துணியையும் கேட்டு வாங்கிப் போகிற ஆள், ஒரு நாள் ஒரு பையோடு வந்தாள். இத்தனை வருசமாக என்னிடம் வாங்கிப் போனதையெல்லாம் திருப்பிக் கொண்டு வந்திருந்தாள். "உங்க ஊட்டுக்காரி மேல போத்துங்கண்ணா. நான் கூட வந்து கையப் புடிச்சிட்டு உக்கார முடியாது, என்ற ரவிக்கத்துணியாவது போயி உக்காரட்டும்" என்றாள். அதுமாதிரி செம்மநத்தத்திலிருந்தும் வந்தது. ஒரு நீலம், ஒரு மாம்பழ மஞ்சள், சின்னச் சின்னப் புள்ளி போட்ட ஒரு பச்சை. மேசைமேல் அதை வைத்துப் பார்த்தபோது இதுவரை நான் தைத்ததில் இதுதான் அழகு என்று தோன்றியது.

கனமும் சூடும் வந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான். இடது கையை வெளியே நீட்ட வேண்டுமே, ஒவ்வொரு தடவையும் போர்வையை ஒதுக்கி ஒதுக்கி அந்தப் பக்கமெல்லாம் குளிர் ஏறிவிடுகிறது. தோளுக்குக் கீழே ஓரத்திலிருந்து உள்ளே ஒரு வெட்டு விட்டு, அதற்குப் பட்டி கட்டிவிட்டால் கை மட்டும் வெளியே வரும், மற்ற உடம்பெல்லாம் மூடியிருக்கும். சட்டைக்குக் கை விடுகிறவனுக்கு இது பெரிய வேலையா.

எங்கள் தொழிலில் துணியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கோடு போடுவோம். சாக்பீஸ் கோடு உள்பக்கம் இருக்க வேண்டும், நல்ல பக்கத்தில் தெரியக் கூடாது. கை தன்னாலேயே அப்படிப் போடும். அன்றைக்கும் போர்வையைக் கவிழ்த்துப் போட்டு, அவள் படுத்திருப்பதாக மனசில் வைத்து, இடது பக்கம் கோடு கிழித்து, வெட்டி, பட்டியும் கட்டிவிட்டேன். திருப்பினேன். வெட்டு வலது பக்கம் இருந்தது.

சேலை அடுக்கு அத்தனையையும் வெட்டியாகிவிட்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு போர்வையை வாங்கி அப்படியே திருப்பித் தன்மேல் போட்டுக்கொண்டாள். ஒட்டுப்போட்ட அழகெல்லாம் அவள் பக்கம் போய்விட்டது. வெளியே தெரிந்தது வெறும் காடாத்துணி, அதில் ஓடிய தையல் கோடு. இடது கை சரியாக வெட்டு வழியாக வெளியே வந்தது.

"இதுல என்னங்க இருக்குது. கவுத்துப் போட்டுத் தெச்சீங்க, நான் கவுத்துப் போட்டுப் போத்திக்கறேன்."

"அழகெல்லாம் உள்ள போச்சே புள்ள."

"ஊருக்கா குளுருது? எனக்குத்தான குளுருது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அப்படியே எடுத்துப் போனாள். சுற்று ஓரத்துக்குப் பட்டி கட்டவில்லை, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டாள். அன்றைக்கு முழுநேரமும் படுத்தாள். அதற்கடுத்த முறையும், அதற்கடுத்த முறையும். மழைக்காலம் போய், பழம் பறிக்கிற பருவம் வந்து, அதுவும் போனது. மூச்சு வாங்குவது குறைந்தது. காலில் வீக்கம் வடிந்தது. கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவாள். போர்வையைப் பிளாஸ்டிக் பையில் மடித்து மடியில் வைத்துக்கொள்வாள், என்னிடம்கூடத் தரமாட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நரம்பு சேர்த்த இடத்தில் கையை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும். பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுமே, அதுமாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் என் கையை எடுத்து அங்கே வைப்பாள். "ஓடுதுங்களா?" "ஓடுது." அப்புறம்தான் டீ. ஒரு நாள் காலையில் வைத்தாள். கையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, பஸ்ஸுக்குக் கெளம்புங்க" என்றாள்.

நரம்பு அடைத்துவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள், அந்தக் கை இனி உதவாது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். அதில் ஒருமுறை காய்ச்சல் கண்டு உருக்குலைந்து போனாள். பிறகு வலது கையில் ஆபரேஷன் செய்து, அது தேறி, ஊசி குத்தலாம் என்று சொன்ன நாளில் மறுபடி அந்த ஹாலில் கொண்டு போய்ப் படுக்க வைத்தோம்.

நான் வழக்கம்போலப் போர்வையைக் கவிழ்த்துப் போடப் போனேன். வெட்டு வேறு பக்கம் நின்றது. ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. அவள்தான் "திருப்புங்க" என்றாள். திருப்பினேன். நீலமும் மாம்பழ மஞ்சளும் புள்ளிப் பச்சையும் முதல்முறையாக மேலே வந்தன. வலது கை வெட்டு வழியாக வெளியே வந்தது.

நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இத்தன அழகையும் இத்தன நாளா உள்ள வெச்சா படுத்திருந்தீங்க?"

"இப்பத்தானுங்க என்ற கை இவரு தையலுக்குச் சரியா வந்துச்சு" என்றாள் அவள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு அம்மா எந்தத் துணி எங்கே வாங்கினது என்று கேட்டாள். அவள் படுத்தபடியே வாழவந்தி, செம்மநத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு வெளியே பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். டீ குடிக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பு தேறவே இல்லை. படுத்திருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சாப்பிட்டது தங்காது. பஸ் படி ஏற நான் பின்னாலிருந்து தாங்க வேண்டியிருந்தது. ஒரு நாள், கிளம்புகிற நேரத்துக்குப் புடவை மாற்றாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸு போயிரும்" என்றேன்.

"போகட்டுமுங்க. நான் இனிமே எறங்கல."

எனக்குத் தெரிந்ததெல்லாம் போர்வைதான். "குளுருதா? உள்ள இன்னொரு சேல வெச்சுத் தெச்சுடட்டுமா? ஓரத்துக்குப் பட்டி கட்டல, அது வழியா காத்து ஏறுதோ என்னமோ..."

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "குளுரே இல்லீங்க. சத்தியமா இல்ல. நல்லா கதகதன்னு இருக்குது. நீங்க தெச்சதுல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் போதும்."

குளிர்கிறது என்று சொல்லியிருந்தால் இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பேன். குறையில்லை என்று சொன்ன பிறகு நான் எதைத் தைப்பது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அவளோடு போனில் வெகுநேரம் பேசினார், பிறகு என்னிடம், அவங்க இஷ்டப்படி விடுங்க என்றார். மகள் ஓசூரிலிருந்து வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே, "கண்ணு, அம்மா பஸ்ஸுலயே வயசாயிட்டேன் சாமி. கொஞ்சம் ஊட்டுல இருக்கறேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மிஷினை வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னாள். ஓரப் பட்டியைக் கட்டி முடிக்க வேண்டுமாம். கொண்டு வந்தேன். கட்டிலை ஒட்டி மிஷினைப் போட்டேன். அந்தப் போர்வை கனம் அதிகம், தைக்கும்போது தொங்குகிற பக்கம் இழுத்துவிடும், தையல் கோணும். அவள் படுத்தபடி அந்தப் பக்கத்தைத் தன் நெஞ்சுமேல் ஏந்திக்கொண்டாள். நான் தைக்கத் தைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாள். சுற்று முழுக்கப் பட்டி வந்து சேர்ந்தது.

"இந்த வழியையும் அடச்சுடுங்க" என்றாள்.

கைக்கு விட்ட வெட்டைக் காட்டித்தான் சொன்னாள். நான் கேட்காத மாதிரி நூலைப் பல்லில் கடித்து அறுத்தேன். அது இருந்தால் மறுபடி ஒருநாள் மனசு மாறி, திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்புங்க என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

"அது வழியாத்தானுங்க இப்பக் காத்து ஏறுது" என்றாள். "இனிமே வெளிய நீட்டறதுக்கு எனக்குக் கை இல்ல. ரெண்டையும் உள்ள வெச்சுக்கறேன். அடச்சுக் குடுங்க."

அடைத்தேன். பட்டியைப் பிரித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, மிஷினில் ஓட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஒரு இடத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. பிரிக்கிறேன் என்று பிளேடை எடுத்தேன். "உடுங்க, போதும்" என்றாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே வைத்துக்கொண்டாள். ஒட்டுப்போட்ட பக்கம் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலேயே போய்விட்டாள். வீட்டில்தான், காலை வெளிச்சத்தில், மகளும் நானும் பக்கத்தில் இருக்கும்போது.

கடைசியாகப் போர்த்தியிருந்த துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள்மேலேயே போட்டுக் கொண்டு போனோம். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். குழி வெட்டியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். அப்படி விடுகிற துணி அவருக்குத்தான் போய்ச் சேரும், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டார்.

"ஏனுங்க, இது ஊட்டுல தெச்சதாட்டம் இருக்குதே. உங்களுக்கு வேண்டாமுங்களா?"

"நீங்க வெச்சிக்குங்க" என்றேன். "அலசுனா தனியா அலசுங்க, பச்ச கொஞ்சம் சாயம் உடும்."

போன மழைக்கு அவர் பஸ் ஸ்டாண்டில், டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். தலையோடு அந்தப் போர்வையைப் போட்டிருந்தார், மாம்பழ மஞ்சள் வெளியே தெரிய. நான் கடைக்குள் மிஷினில் இருந்தேன். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாவாடை. எழுந்து போய்ப் பேசலாம், நாலடி தூரம்தான். போகவில்லை. வலது பக்கம் அந்தச் சுருக்கம் விழுந்த தையல் இருக்கிற இடத்தை மட்டும் இங்கிருந்தே பார்த்தேன். பிரியாமல் இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, செம்மநத்தம் பஸ் வந்ததும் ஏறிப் போனார்.